சிவந்த கண்ணுக்கு மருந்து எழுதுமுன்

வெளிநோயாளர் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் வைத்தியர்கள், எங்கள் காலத்துப் பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். கை கழுவுவது, துவாயைப் பகிராதிருப்பது எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாச் சிவப்பும் பற்றீரியா என்று நினைப்பது

காலையில் இமைகள் ஒட்டி, துடைக்கத் துடைக்க மஞ்சள் பீளை வந்தால் பற்றீரியாவைச் சந்தேகிக்கலாம். தண்ணீராக வடிந்து தடிமனும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். அரிப்பே பெரிய தொல்லையென்றால் ஒவ்வாமை. இவை இரண்டுக்கும் குளோரம்பெனிக்கோல் என்ற அன்டிபயோட்டிக் சொட்டு மருந்து உதவாது.

கருவிழியைப் பார்க்காமல் ஸ்டீரொய்ட் கொடுப்பது

மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு முடிந்து, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கண் நோவோடு வருகிறவரிடம், "கண்ணில் ஏதும் பட்டதா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நெற்சுணையோ தாளோ கீறிய கருவிழியில் பற்றீரியாவும் பூஞ்சையும் இலகுவாகப் பற்றிக்கொள்ளும்.

வவுணதீவுப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு அப்படித்தான் கீறியிருந்தது. மருந்துக் கடையில் அன்டிபயோட்டிக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்டும் கலந்த சொட்டு மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு தணிந்ததும் மனிதர் மறுபடி வயல் வட்டைக்குப் போய்விட்டார். ஸ்டீரொய்ட் சிவப்பையும் வீக்கத்தையும்தான் அடக்கும். கிருமியோடு போராடும் உடலின் கையையும் கட்டிவிடும். எங்களிடம் வந்தபோது கருவிழியின் நடுவே வெள்ளைப் புண். "சுகமாகிக்கொண்டுதானே வந்தது, ஐயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புண் ஆறியது. தழும்பு பார்வையை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

புளோரசீன் சாயம் தோய்ந்த தாளைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக ஒளிரும். ஹெர்பிஸ் வைரஸால் வரும் புண் மரக்கிளைபோல் தெரியும். அதற்கும் ஸ்டீரொய்ட் ஆகாது. சில நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் எழுதப்பட்ட மருந்துத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கடும் நோவு, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் இவற்றில் ஒன்றிருந்தாலும் அன்றே கண் பிரிவுக்கு அனுப்புங்கள்.

பாதியில் நிறுத்துவது

0.5 வீதக் குளோரம்பெனிக்கோலை முதல் 2 நாளும் விழித்திருக்கும் வேளையில் 2 மணிக்கொரு தடவை விட வேண்டும். பிறகு நாளுக்கு 4 தடவை. பீளை நின்றாலும் 5 நாளை முடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மிஞ்சிய போத்தல்

திறந்து 28 நாளானால் எறிந்துவிடுங்கள்.

கண்ணில் தாய்ப்பால் விடுவது

வேண்டாம்.

பச்சைக் குழந்தையின் சீழ்

பிறந்து 28 நாளுக்குள் கண் சிவந்து, இமை வீங்கிச் சீழ் வடிந்தால் சொட்டு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கொனோரியா என்ற பாலியல் நோயின் கிருமி சில நாள்களிலேயே கருவிழியைத் துளைத்துவிடக்கூடும். அது உறுதியானால் பிள்ளைக்கு ஊசி மருந்து வேண்டும். தாய்க்கும் தந்தைக்கும் சிகிச்சை வேண்டும்.