ஹாலோவீன் ஒப்பனைக் காயங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் 31 அன்று மாலை டொராண்டோவிலோ லண்டனிலோ வீடு வீடாகச் செல்லும் கூட்டத்தில் முகமெல்லாம் சிவப்பு வழிய வருகிறவர்கள் பலர் இருப்பார்கள். பார்த்ததும் நெஞ்சு திடுக்கிடும்படியான காயத்தோடு வருகிறவர் ஓரிருவர்தான். வாங்கிய பொருள் மலிவானது என்பதால் மற்றவர்கள் தோற்பதில்லை. அவர்கள் முதலில் இரத்தத்தைப் பூசிவிட்டுக் காயத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கிறார்கள். எந்தக் காயத்துக்கும் ஒரு காரணமும் ஒரு வயதும் உண்டு. எதனால் ஏற்பட்டது, ஏற்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் ஒப்பனைப் பெட்டியைத் திறப்பதே முதல் தவறு; மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கத்தி பட்ட காயத்தின் விளிம்புகள் நேராகவும் கூர்மையாகவும் இருக்கும். தார்ச்சாலையில் விழுந்து ஏற்பட்ட சிராய்ப்போ, ஒரே திசையில் நெருக்கமாக ஓடும் கீறல்களாக, முழங்கால், முழங்கை, கன்னத்தெலும்பு போன்ற மேடான இடங்களில் இருக்கும். அதைக் கண்ணுக்கடியில் உள்ள குழிவில் வரைந்தால், காரணம் சொல்லத் தெரியாதவரின் கண்கூட அதை ஏற்காது. இரத்தம் வழியும் திசையும் அப்படித்தான். நெற்றியில் வெட்டுப்பட்டு நிற்பவரின் இரத்தம் புருவத்தில் தேங்கி மூக்கின் ஓரமாக இறங்கும். நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து வைத்துச் சொட்டு விட்டால் அது காதை நோக்கி ஓடும். எழுந்து நின்றதும் பொய் வெளிப்பட்டுவிடும். தலையை நிமிர்த்தி வைத்து, காயத்தின் உள்ளே சிறிதளவு விட்டு, மிச்சத்தை அதன் போக்கில் வழிய விடுவது நல்லது.

கடையில் குப்பியில் விற்கும் செயற்கை இரத்தம் பல நேரங்களில் சர்பத் நிறத்தில் இருக்கிறது. உண்மையான இரத்தம் காயக் காயக் கருஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும். ஆழமான காயத்தின் அடிப்பகுதி கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். சோளப்பாகில் சிவப்பு உணவு நிறத்தைக் கலந்து வீட்டிலேயே இரத்தம் தயாரிப்பவர்கள், ஒரு சொட்டு நீலமும் சிறிது கொக்கோ தூளும் சேர்த்தால் அந்தச் சர்பத் தோற்றம் போய்விடும். பாகு எளிதில் காயாது என்பதால், பழைய காயத்துக்கு அதைப் பயன்படுத்தினால் இரவு முழுவதும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். இணையத்தில் கிடைக்கும் எல்லாச் செய்முறைகளையும் வாய்க்குள் விடுவதற்கு ஏற்றவை என்று எண்ணிவிடவும் கூடாது. ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் (1922–2014) உருவாக்கிப் பலரும் பின்பற்றிய புகழ்பெற்ற கலவையில், கோடாக் நிறுவனம் புகைப்படச் சுருள்களைக் கழுவுவதற்காகத் தயாரித்த போட்டோ-ஃப்ளோ என்னும் திரவம் இருந்தது. இரத்தம் இயல்பாகப் பரவ அது உதவியது, ஆனால் அது நச்சு.

என் கணிப்பில், காயத்தை அதிகமாகக் காட்டிக்கொடுப்பது அதன் விளிம்பு. காயம் என்பது தோலில் விழுந்த பள்ளம். நாமோ தோலின் மேல் ஒரு பொருளை ஒட்டி அந்தப் பள்ளத்தைக் காட்ட முயல்கிறோம். ஆகவே சுற்றியுள்ள பகுதியைத் தெரியாதபடி மெல்ல உயர்த்தினால்தான் நடுவில் உள்ள பிளவு உள்ளே இறங்கியதாகத் தோன்றும். ஒப்பனை மெழுகை உருண்டையாக வைத்து அழுத்திவிட்டு நடுவில் கோடு கிழித்தால், முகத்தில் கொழுக்கட்டை ஒட்டியதுபோல்தான் இருக்கும். மெழுகின் ஓரங்களை விரலால் வெளிப்புறமாகத் தேய்த்துத் தேய்த்து, எங்கே மெழுகு முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாத அளவுக்கு மெலிதாக்க வேண்டும். விரலில் ஒட்டாமலிருக்கச் சிறிது வாசலின் தொட்டுக்கொள்ளலாம்; ஆனால் மெழுகை ஒட்டுவதற்கு முன்பே தோலில் எண்ணெய்ப் பசை இருந்தால் அது வழுக்கிவிடும். உடல் சூட்டில் மெழுகு இளகும் என்பதால் வாயோரத்திலும் மூட்டுகளிலும் அது நிற்காது. பிளவை உண்டாக்கக் கத்தியையோ பிளேடையோ தோலின் மேல் பயன்படுத்துவது, போலிக் காயத்தை நிஜமாக்கும் குறுக்குவழி. மொட்டையான பிளாஸ்டிக் கரண்டிக்காம்பே போதும்.

திரவ லேடெக்ஸும் (தோலில் பூசினால் காய்ந்து ரப்பர் படலமாகும் பால்) டிஷ்யூ தாளும் கொண்டு செய்பவர்கள் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. வெட்டிய நேர்விளிம்பு எத்தனை பூச்சு பூசினாலும் தெரியும். தாளின் அடுக்குகளைப் பிரித்து ஒற்றை அடுக்காக்கி, கையால் கிழித்து, லேடெக்ஸைத் தாளுக்கு வெளியேயும் சற்றுப் படரவிட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் பால்வெண்மை மாறித் தெளிந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுத் தடிமனாக ஒரே பூச்சில் முடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, சிரித்த முதல் சிரிப்பிலேயே உரிந்துவிடும்.

‘தோல் நிறம்’ என்ற பெயரில் விற்கப்படும் மெழுகு பெரும்பாலும் வெள்ளையர் தோலுக்கு ஏற்ற இளஞ்சிவப்பு. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது ஒட்டிய சூயிங்கம்மாகத் தெரியும். நம் பவுண்டேஷனை அதன்மேல் பூசி, பிறகு துளைகள் நிறைந்த கரடுமுரடான பஞ்சால் சிவப்பையும் பழுப்பையும் புள்ளிபுள்ளியாக ஒற்ற வேண்டும். இரத்தம் கட்டிய இடத்துக்குச் சிவப்பு மட்டும் பூசினால் கறுத்த தோலில் எடுபடாது. அடர்ந்த ஊதாவும் கருநீலமும் தேவை. அங்கே பச்சையும் மஞ்சளும் சேர்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தோலுக்கடியில் தேங்கிய, இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் சிதைந்து, பச்சை நிறமுள்ள பிலிவெர்டினாகவும் மஞ்சள் நிறமுள்ள பிலிருபினாகவும் மாறுவதற்குப் பல நாட்கள் ஆகின்றன. இப்போதுதான் அடிபட்டு இரத்தம் சொட்டுகிற முகத்தில் மஞ்சள் ஓரமிட்ட கன்றல் இருந்தால், அந்த ஒருவர் போன வாரமும் அடி வாங்கியிருக்க வேண்டும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். வாழைப்பழம், அவகாடோ, கிவி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது இருக்க வாய்ப்பு அதிகம். முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பார்க்க வேண்டும். திரவ லேடெக்ஸில் உள்ள அமோனியா கண்ணைக் கரிக்கும் என்பதால் இமையருகே பயன்படுத்தக் கூடாது. தோலைச் சுருக்கித் தழும்பு காட்டும் கொலோடியன் என்னும் திரவத்தில் ஈதரும் ஆல்கஹாலும் இருப்பதால் எளிதில் தீப்பற்றும்; பூசணிக்காய்க்குள் மெழுகுவத்தி எரியும் இரவில் அந்தக் குப்பியைத் திறந்து வைப்பது ஆபத்து. சில நொடிகளில் ஒட்டும் வீட்டுப் பசைகளைத் தோலில் இடவே கூடாது. காயத்தில் கண்ணாடிச் சில்லு குத்தியதாகக் காட்ட வேண்டுமானால், ஓரங்களை மழுக்கிய தெளிவான பிளாஸ்டிக் துண்டுகள் போதும். கண்ணுக்கு நிற வில்லை (கான்டாக்ட் லென்ஸ்) போடுபவர்கள் கவனிக்க: அமெரிக்காவில் அலங்கார வில்லைகளையும் மருத்துவச் சாதனமாகவே கருதுகிறார்கள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டவிரோதம்.

கலைக்கும் வேலையை நள்ளிரவுக் களைப்பில் செய்வதால், பலர் லேடெக்ஸை அப்படியே பிடித்து இழுக்கிறார்கள். புருவ முடியும் கூடவே வருகிறது. பூசுவதற்கு முன்பே புருவத்திலும் முடியோரத்திலும் வாசலினைத் தடவியிருந்தால் இந்த வேதனை இல்லை. தடவ மறந்தவர்கள் வெதுவெதுப்பான சோப்புநீரில் துணியை நனைத்துச் சில நிமிடங்கள் ஒற்றி வைத்து, ஓரத்திலிருந்து மெல்லச் சுருட்டிக்கொண்டே வரலாம். ஸ்பிரிட் கம் என்னும் ஒப்பனைப் பசையால் ஒட்டியது தண்ணீருக்கு அசையாது. அதற்கென விற்கும் நீக்கியையும் பசை வாங்கும்போதே வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் நவம்பர் 1 அதிகாலையில் அதைத் தேடிக் கடைக்குப் போக முடியாது.