ராஸ்பெரி பையில வீட்டு வைஃபைக்கு ஒரு விளம்பர மறிப்பு: புதுசா தொடங்குறவங்களுக்கு

கல்லடியில எங்கட வீட்டில மாசக் கடைசி வந்தா டேட்டாக்கு அடிபிடிதான், நாலு போன், ஒரு டிவி, தம்பிட லப்டொப் எல்லாம் ஒரே 4ஜி ரௌட்டர்ல தொங்குது, அதிலயும் ஒரு கேம் ஓப்பன் பண்ணினா பாதி நேரம் விளம்பரம்தான் ஓடுது. அதுக்குத்தான் இந்த பை-ஹோல், ராஸ்பெரி பை எண்ட கையளவு கம்பியூட்டர்ல ஓடி வீட்டு வைஃபை முழுக்க விளம்பரத்த மறிக்கிற புரோகிராம். காசு குடுத்து வாங்கிற சொஃப்ட்வெயார் இல்ல, சும்மா கிடைக்கும். முதல் புரொஜெக்டுக்கு லைட் மின்ன வைக்கிறத விட இதத்தான் நான் சொல்லுவன், ஏனெண்டா செஞ்சு முடிச்ச பிறகு மேசை லாச்சிக்குள்ள கிடக்காது.

இது வேலை செய்யிற விதம் லேசு. ஒழுங்கை முனைக் கடையில போய் "இன்னாரிட வீடு எங்க?" எண்டு கேட்பம் தானே, போனும் அப்பிடித்தான், ஒவ்வொரு தளத்துக்கும் போக முதல் டிஎன்எஸ்ஸிட்ட (தளத்திட பேருக்கு நம்பர் விலாசம் சொல்லுற சேர்வர்) விலாசம் கேட்கும். பை-ஹோல் அந்தக் கடைக்காரர் மாதிரி. விளம்பரக் கம்பனிட விலாசத்தக் கேட்டா 0.0.0.0 எண்டு சொல்லி விட்டிடும், விளம்பரம் இறங்கவே இறங்காது.

சாமான். ராஸ்பெரி பை 3பி பிளஸ் செகண்ட்ஹேண்டா கிடைச்சாலே தாராளம். ஸீரோ 2 டபிள்யூவும் போதும், 512 எம்பி ரேம்ல ஓடும், ஆனா அதுல லேன் வாய் இல்ல, வைஃபை மட்டும்தான். 16 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, கார்டு ரீடர், ஒரு லேன் வயர். சார்ஜர்லதான் எல்லாரும் பிழை விடுறது. வீட்டில கிடந்த போன் சார்ஜரக் குத்தினா ஒன் ஆகும், மறுகா தானா ரீஸ்டார்ட் ஆகும், நீங்க சொஃப்ட்வெயார்ல பிழை தேடிட்டு இருப்பீங்க. 3பி பிளஸ்ஸுக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் வேணும். போர்டுல சிவப்பு லைட் விட்டு விட்டு அணைஞ்சா கரண்ட் காணாது, வோல்டேஜ் 4.63க்கு கீழ இறங்குது எண்டு அர்த்தம்.

கார்டுல ஓஎஸ் ஏத்துறது. லப்டொப்ல ராஸ்பெரி பை இமேஜர் போட்டு, ராஸ்பெரி பை ஓஎஸ் லைட் (Lite) 64-பிட்ட எடுங்க, ஸ்கிரீன் தேவையில்ல. எழுத முதல் செட்டிங்ஸ்ல யூசர் நேம், பாஸ்வேர்ட் குடுத்து எஸ்எஸ்எச்ச (லப்டொப்ல இருந்து பைக்குள்ள போய் கட்டளை அடிக்கிற வழி) ஒன் பண்ணுங்க. பழைய வீடியோவில "பை" எண்டு யூசரும் "ராஸ்பெரி" எண்டு பாஸ்வேர்டும் சொல்லுவாங்க, அது 2022 ஏப்ரலோட இல்லாமப் போயிட்டு.

மறுகா லேன் வயர ரௌட்டர்ல குத்தி ஒன் பண்ணுங்க. ரௌட்டர் பக்கத்துக்குள்ள போய் (192.168.1.1 இல்லாட்டி 192.168.8.1, ரௌட்டருக்கு அடியில எழுதியிருக்கும்) என்னென்ன சாமான் இணைஞ்சிருக்கு எண்ட லிஸ்ட்ல பைட ஐபிய (வீட்டு நெட்வேர்க்ல அதுக்குக் குடுத்த நம்பர் விலாசம்) பாத்து, டிஎச்சிபி ரிசர்வேஷன் எண்ட செட்டிங்ல அதையே நிரந்தரமாக்குங்க. இதச் செய்யாட்டி ஒருநாள் ஐபி மாறும், வீட்டில ஒருத்தருக்கும் நெட் இருக்காது.

விண்டோஸ் 10லயே எஸ்எஸ்எச் இருக்கு. பவர்ஷெல்ல திறந்து எஸ்எஸ்எச், ஒரு இடைவெளி, உங்கட யூசர் நேம், @, ஐபி, எல்லாம் ஆங்கில எழுத்தில. பாஸ்வேர்ட் அடிக்கக்குள்ள ஸ்கிரீன்ல ஒண்டும் தெரியாது, பயப்பட வேணாம், அடிச்சு என்டர் குடுங்க. உள்ள போனதும் பை-ஹோல் தளத்தில இருக்கிற ஒற்றை வரி இன்ஸ்டோல் கட்டளைய கொப்பி பண்ணி, இந்த விண்டோவில ரைட் கிளிக் பண்ணினா பேஸ்ட் ஆகும். கேட்கிறதுக்கெல்லாம் ஓகே, அப்ஸ்ட்ரீம் டிஎன்எஸ்ஸுக்கு (பை-ஹோல் தான் போய் விலாசம் கேட்கிற வெளி டிஎன்எஸ்) கிளவுட்ஃபிளேர் இல்லாட்டி குவாட்9. கடைசியா பை-ஹோல் அட்மின் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்ட் காட்டும், உடனே போட்டோ எடுத்து வைங்க.

இப்பதான் நான் மாட்டின இடம். ஆசையில நேரா ரௌட்டர்ல டிஎன்எஸ்ஸ பைட ஐபிக்கு மாத்திட்டன், வீட்டில எல்லாமே பையிட்டத்தான் விலாசம் கேட்குது. ரெண்டாம் நாள் பின்னேரம் கரண்ட் போய் வந்திச்சு, பைட கார்டு பழுதாகிட்டு. வைஃபை சிக்னல் முழுசா காட்டுது, ஒண்டும் திறக்கேலாது, அம்மா தோஹாவில இருக்கிற சித்திக்கு வீடியோ கோல் எடுக்கேலாம நிக்கிறா, அப்பா நெட் கம்பனிக்கு அடிச்சுப் பேசிட்டு நிக்கிறார், நான் மூலையில மெதுவா வயரக் கழட்டிறன்.

அதால முதல் ஒரு கிழமை உங்கட போன்ல மட்டும் போட்டுப் பாருங்க. அண்ட்ரொய்ட்ல வைஃபை செட்டிங்ஸ்ல ஐபிய ஸ்டேட்டிக் ஆக்கி, டிஎன்எஸ் 1, 2 ரெண்டுக்கும் பைட ஐபியே. ரெண்டாவதுக்கு 8.8.8.8 (கூகிள்ட டிஎன்எஸ்) போட்டா விளம்பரம் அந்தப் பக்கத்தால பூந்து வரும். போன்ல பிரைவேட் டிஎன்எஸ்ஸ ஓஃப் பண்ணுங்க, இல்லாட்டி போன் பைய விட்டிட்டு வேற இடத்தில விலாசம் கேட்கும். அப்பவும் வந்தா ரௌட்டர் ஐபிவி6ல (புது வகை ஐபி விலாசம்) வேற டிஎன்எஸ் குடுக்குதா எண்டு பாருங்க. எல்லாம் சரியெண்டா மட்டும் ரௌட்டர்ல மாத்துங்க. சில 4ஜி ரௌட்டர்ல அந்த இடத்தப் பூட்டி வச்சிருப்பாங்க, அப்ப ஒவ்வொரு போனா மாத்த வேண்டியதுதான்.

நிப்பாட்டக்குள்ள வயர இழுக்காம "சூடோ பவர்ஆஃப்" கட்டளைய ஆங்கிலத்தில அடிங்க. கரண்ட் போற நேரத்துக்கு ரௌட்டருக்கு விக்கிற மினி யூபிஎஸ் நல்லம், 5 வோல்ட் யூஎஸ்பி வாய் இருக்கிறதா, ஆம்பியரையும் பாத்து வாங்குங்க. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு ரௌட்டரோட சேத்து எல்லாத்தையும் கழட்டி வைங்க.

யூடியூப் விளம்பரம் இதால நிக்காது, ஏனெண்டா வீடியோவும் விளம்பரமும் ஒரே விலாசத்தால வருது, கமெண்ட்ல அதையே கேட்காதீங்க. ஏதாவது பேங்க் அப் திறக்காட்டி அட்மின் பக்கத்தில குவெரி லொக்ல (கேட்ட விலாசங்கள்ட லிஸ்ட்) எது மறிபட்டிருக்கு எண்டு பாத்து அத அலவ் பண்ணி விடுங்க. எங்கட வீட்டில இதுவரைக்கும் ரெண்டு தரம் தான் அது தேவைப்பட்டிச்சு, ரெண்டும் தம்பிட கேம்.