ரோமானியக் காசு சேர்க்கத் தொடங்குகிறீர்களா? புளியைத் தொடாதீர்கள்

நான் வாங்கிய முதல் ரோமானியக் காசு கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், அதாவது கி.பி. 330-களில் அச்சடித்த செப்புக்காசு. பின்பக்கம் இரண்டு வீரர்கள் ஈட்டியோடு எதிரெதிரே நிற்பார்கள், நடுவில் படைக்கொடி. காசு முழுக்கக் கரும்பச்சையாக இருந்தது. களிம்பு என்று நினைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் புதுச் செப்புக்கம்பி நிறத்தில் ஒரு வில்லை கையில் இருந்தது. வீரர்களுக்கு முகம் இல்லை, கொடி இல்லை. கீழே கோட்டுக்கு அடியில் எந்த ஊரில் அடித்த காசு என்று சொல்லும் எழுத்துகளும் போய்விட்டன.

அந்தப் பச்சை, காசின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லை. 1,700 ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததில் செம்பின் மேல்பகுதியே அப்படி மாறிவிடுகிறது. மூக்கும் கண்ணும் எழுத்தும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. அதைச் சுரண்டினால் படமும் சேர்ந்தே போய்விடும். புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். வாரக்கணக்கில் ஆகும். ஆகட்டும். வெள்ளிக்காசு கறுத்திருந்தாலும் அப்படியே விடுங்கள், அந்தக் கறுப்பு அதற்கு அழகு.

ஒரே ஒரு பச்சைக்கு மட்டும் பயப்பட வேண்டும். வெளிர் நிறத்தில், தொட்டால் விரலில் பொடியாக ஒட்டுவது. உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காசை அரிக்கிறது என்று அர்த்தம். அந்தக் காசை உடனே தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் அது சீக்கிரம் பெருகும். மெத்தென்ற பிவிசி உறைகளிலும் காசு போட வேண்டாம், நாளடைவில் பிசுபிசுப்பாகிக் காசைக் கெடுக்கும்.

அடுத்த தவறு, பழசு என்றாலே விலை அதிகம் என்று நம்புவது. கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் லண்டன் தொடங்கி அலெக்சாண்ட்ரியா வரை பல ஊர்களில் கணக்கில்லாமல் காசு அடித்தார்கள். இன்றும் ஐரோப்பிய வயல்களில் குடம் குடமாகக் கிடைக்கின்றன. சுமாரான நிலையில் ஒரு காசு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். அதையே 'அபூர்வம்' என்று சொல்லி யாராவது பல ஆயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? பேரரசர் திபேரியஸின் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் வாகைமாலை சூடிய தலை, பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த பெண். இயேசு கையில் வாங்கிப் பார்த்த வரிக்காசு இதுதான் என்று பலர் கருதுவதால் தேடுபவர்கள் அதிகம், அதனால் போலியும் அதிகம். அசலை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். போலிகளில் பல, உலோகத்தை உருக்கி வார்ப்பில் ஊற்றியவை. லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் தெரியும், எழுத்தின் ஓரங்கள் கரைந்த சோப்பு போல மழுங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினாலோ, அதை அரம் போட்டு மறைத்த தடம் இருந்தாலோ வாங்காதீர்கள். எடையும் பாருங்கள், மூன்றரை கிராமுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இன்னொன்று: கையால் அடித்த இரண்டு காசுகளின் விளிம்பு ஒருநாளும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஒரே வெடிப்பு, ஒரே கோணலோடு இரண்டு காசுகளைக் கண்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

காசில் உள்ள லத்தீன் எழுத்தைப் படிக்கப் பழகாமல் வாங்குவதுதான் பலர் செய்வது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 'ஏவிஜி' என்றால் அகஸ்டஸ், பேரரசர் பட்டம். 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' இருக்கும். 'டிஆர் பி' என்பது பேரரசருக்கு இருந்த ட்ரிபியூன் (மக்கள் பிரதிநிதி) அதிகாரம். அதற்குப் பின்னால் எண் இருந்தால் அதை வைத்து ஆண்டையே சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்த அதிகாரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். மூன்றாம் நூற்றாண்டு வெள்ளிக்காசில் அரசர் தலையில் கதிர்க் கிரீடம் இருந்தால் அது இரண்டு தெனாரியஸ் மதிப்புள்ள காசு என்று கருதுகிறார்கள். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் 'ஓக்ரே' இணையத் தொகுப்பில் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலம் தொடங்கி கி.பி. 491 வரையிலான காசு வகைகளை இலவசமாகத் தேடலாம்.

அப்புறம், எங்கிருந்து வந்த காசு என்று கேட்காமல் வாங்குவது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் அடித்த, இரண்டு கத்திகள் பொறித்த பொற்காசு ஒன்று 2020-இல் லண்டன் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் பூர்வீகம் பற்றிச் சொன்னது பொய் என்று தெரிந்து, 2023-இல் நியூயார்க் அதிகாரிகள் அதைக் கிரீஸிடம் ஒப்படைத்தார்கள்.

நம் பக்கம் இது இன்னும் கவனிக்க வேண்டியது. திபேரியஸின் அதே தெனாரியஸ்கள் மிளகு வாங்க வந்த வணிகர்களோடு தமிழகத்துக்கும் வந்தன. கொங்குப் பகுதியில் நிறையக் கிடைத்திருக்கின்றன. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் மட்டும் சுமார் 500 பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். இப்படி வெட்டுப்பட்ட காசைச் சேதம் என்று தள்ளுவது பிழை, அந்த வெட்டும் அதன் கதைதான். 'அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது சார்' என்று சொல்லி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது.

எனவே பில் தரும், உரிமம் உள்ள வியாபாரியிடம் வாங்குங்கள். பில்லோடு ஒரு சின்ன அட்டையில் யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினீர்கள், எடை எத்தனை என்று எழுதிக் காசோடு வையுங்கள். என் முதல் காசுக்கும் அட்டை உண்டு. 'அடித்த ஊர்' என்ற இடம் மட்டும் அதில் காலியாக இருக்கிறது.