பிரிட்டன் வீட்டின் ஒடுங்கிய பாத்ரூமை விசாலமாக்குவது எப்படி?

பிரிட்டனில் பல பழைய வீடுகளின் பாத்ரூம் ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம்தான் இருக்கும். அதற்குள் குளியல் தொட்டி, கமோட், வாஷ்பேசின், ரேடியேட்டர் எல்லாம் அடங்க வேண்டும். பெயின்ட் நிறத்தை யோசிக்கும் முன் தரையைப் பாருங்கள். நம் ஊர் போலத் தண்ணீர் போக அதில் துவாரம் இருக்காது. மாடி என்றால் அடியில் பெரும்பாலும் மரப்பலகை. தொட்டிக்கு வெளியே நின்று வாளியில் மொண்டு குளித்தால், தண்ணீர் இடுக்குகளில் இறங்கிக் கீழ் அறையின் சீலிங்கில் பழுப்புக் கறையாக வந்து நிற்கும். வாளியைத் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயே நின்று குளியுங்கள். குளித்ததும் வாளியைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிடுங்கள். சுவர் வரை தரை தடையில்லாமல் தெரிந்தால்தான் ஒடுங்கிய அறை பெரிதாகத் தெரியும்.

வாடகை வீட்டில் டைல்ஸைத் துளைக்க வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பூப்போட்ட ஷவர் திரையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போன்ற திரையை மாட்ட அது தேவையில்லை. திரைக்குப் பின்னால் உள்ள சுவரும் கண்ணுக்குத் தெரியும். ஷாம்பு, எண்ணெய் பாட்டில்களை, மேலும் கீழும் முட்டுக்கொடுத்து நிற்கும் மூலைத் தட்டுக்கு மாற்றுங்கள்.

சொந்த வீடு என்றால் முதலில் கமோட்டின் கழிவுக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். அது 110 மி.மீ. விட்டம் கொண்டது. மீட்டருக்குக் குறைந்தது 18 மி.மீ. சரிவும் வேண்டும். அதை மாற்றினால் தரையையே உடைக்க நேரும். ஆகவே கமோட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றதை நகர்த்துங்கள். நீளவாக்கில் கிடக்கும் 700 மி.மீ. அகலத் தொட்டி போக, நடக்க 800 மி.மீ. சந்துதான் மிஞ்சும். 1500 மி.மீ. நீளத் தொட்டியும் கடையில் கிடைக்கிறது. அதைக் கடைசிச் சுவரோரம் குறுக்கே வைத்தால் மீதித் தரை ஏறக்குறைய சதுரமாகிவிடும். தொட்டியைப் பொருத்திய பிறகே சுவர் டைல்ஸ் ஒட்ட வேண்டும். முதலில் டைல்ஸ் ஒட்டினால் இரு பக்கமும் சென்டிமீட்டருக்கு மேல் இடம் போய், தொட்டி உள்ளே இறங்காது.

வாஷ்பேசினைச் சுவரில் தொங்கவிடுங்கள். 250 முதல் 300 மி.மீ. மட்டுமே நீட்டியிருப்பதே போதும். கதவு உள்ளே திறந்து இடித்தால் வெளியே திறக்கும்படி மாட்டலாம். உள்ளே யாராவது மயங்கி விழுந்தாலும் கதவு அடைத்துக்கொள்ளாது. முகம் பார்க்கும் கண்ணாடியை நீளச் சுவரில், முடிந்த அளவு அகலமாகப் பதியுங்கள். கடைசிச் சுவரில் வைத்தால் அறை சுரங்கம் போல இன்னும் நீண்டு தெரியும். தரை டைல்ஸ் பெரியதாக, 600 × 300 மி.மீ. அளவில், நீளப் பக்கம் அறைக்குக் குறுக்கே வரும்படி இருக்கட்டும். இடுக்குப் பூச்சும் டைல்ஸ் நிறத்திலேயே இருக்கட்டும். மரத்தரை அசைவதால் அடியில் சிமென்ட் பலகை இல்லாமல் ஒட்டினால் இடுக்குகள் வெடித்துவிடும்.

கமோட் அருகே கைத்தெளிப்பான் இல்லாதது நமக்குப் பெரும் குறைதான். ஆனால் அதை மெயின் குழாயில் நேராக இணைப்பது 1999 ஆம் ஆண்டின் தண்ணீர் இணைப்பு விதிகளுக்கு முரணானது. தெளிப்பான் முனை கமோட்டுக்குள் விழுந்திருக்கும் நேரத்தில் குழாய் அழுத்தம் குறைந்தால், அசுத்த நீர் குடிநீருக்குள் உறிஞ்சப்படலாம். தனிச் சிறு தொட்டி வழியாகத் தண்ணீர் தரும் அமைப்பைப் பிளம்பரிடம் கேளுங்கள். அதுவரை ஒரு செம்பு போதும். அதற்கும் சுவரில் ஒரு தட்டு.

ஈரம் தங்கினால் கரும்பூஞ்சை பிடிக்கும். பிறகு எந்த வெள்ளைச் சுவரும் அறையைப் பெரிதாக்காது. இங்கிலாந்தில், தேவையானபோது மட்டும் ஓடும் பாத்ரூம் மின்விசிறி நொடிக்குக் குறைந்தது 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும். அதன் குழாய் பரண்மேல் முடியாமல் வீட்டுக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள்.

கடைசி வேலை, தொட்டி ஓரத்து சிலிகான். காலித் தொட்டியில் பூசினால், முதல் குளியலிலேயே பாரத்தில் தொட்டி சற்று அமிழ்ந்து சிலிகான் பிய்ந்துவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவிட்டுப் பூசுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.