கேமியோ நகை கைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள்

பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்தோ, பழைய சாமான் கடையிலிருந்தோ நீள்வட்டமாக ஒரு நகை கைக்கு வருகிறது. பழுப்பு நிலத்தில் வெள்ளையாக ஒரு பெண் முகம் எழும்பி நிற்கிறது. சுற்றிலும் மெல்லிய சட்டம், பின்னால் ஊக்கு. சிப்பியிலோ கல்லிலோ இப்படி உருவம் எழும்பி நிற்கச் செதுக்கியதுதான் கேமியோ. இதை நகைக்கடையில் நீட்டினால் சட்டத்தை உரைகல்லில் தேய்த்து, "மாற்று ரொம்பக் குறைவு" என்பார்கள். பிறகு நடுவில் இருக்கும் சிப்பியைப் பெயர்த்துவிட்டுச் சட்டத்தை எடை போடுவார்கள். அது இரண்டு மூன்று கிராம் தேறினால் பெரிது. பொருளின் மதிப்பு பெயர்த்த சிப்பியில்தான் இருந்தது. 22 கேரட்டுக்கும் 916 முத்திரைக்கும் பழகிய கண்ணுக்கு இது தெரியாமல் போவதில் வியப்பில்லை. அதனால் யாரிடமும் எடைக்குக் கொடுப்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் சிப்பியில் பெயர் பொறித்துத் தருவார்களே, அதில் எழுத்து உள்ளே இறங்கும். கேமியோ அதற்கு நேர் எதிர். சுற்றியுள்ள நிலத்தைச் செதுக்கி எடுத்து உருவத்தை மேலே நிறுத்துவது, சுசீந்திரம் கோயில் தூணில் பார்க்கும் புடைப்புச் சிற்பத்தின் வேலைதான், சில மில்லிமீட்டர் கனத்துக்குள். இதற்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிறம் உள்ள பொருள் வேண்டும். நம் வெண்சங்கில் அந்த நிற அடுக்கு இல்லை. ஐரோப்பியச் சிற்பிகள் எடுத்துக்கொண்டது ஹெல்மெட் சங்கு வகைகளை. கேசிஸ் மடகாஸ்கரியென்சிஸ் என்ற சங்கில் வெள்ளைக்குக் கீழே கரும்பழுப்பு வரும். பெயரில் மடகாஸ்கர் இருந்தாலும் அது கரீபியன் கடல் பக்கத்துச் சங்கு. சிப்ரேகேசிஸ் ரூஃபாவில் வெள்ளைக்குக் கீழே ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். கேசிஸ் கார்னூட்டாவில் மஞ்சள் சாயல். இளஞ்சிவப்பாக இருந்தால் ராணிச் சங்காக இருக்கலாம். அது வெயிலில் வெளிறிவிடும். 1800-களிலிருந்து சிப்பிக் கேமியோவுக்குப் பெயர்போன ஊர் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் உள்ள டோரே டெல் கிரேகோ. அகேட் கல்லில் செதுக்குவதற்கு ஜெர்மனியின் ஈடார் ஓபர்ஸ்டைன்.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெள்ளை வெளிச்சம் தரும் சின்ன டார்ச், மென்மையான பிரஷ், 0.01 கிராம் காட்டும் தராசு.

முதலில் முகத்தைக் கவிழ்த்து முதுகைப் பாருங்கள். சங்கின் வளைவிலிருந்து வெட்டியது என்பதால் சிப்பிக் கேமியோவின் பின்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். விரலை ஓட்டினாலே தெரியும். பிறகு முதுகில் டார்ச்சை வைத்து அடியுங்கள். உண்மையான சிப்பியில் வெளிச்சம் ஊடுருவி உருவத்தின் நிழல் தெரியும். நிலத்தில் சங்கின் வளர்ச்சிக் கோடுகள் மெல்லிய பட்டைகளாக ஓடும். விரிசல் இருந்தால் அதே வெளிச்சத்தில் மயிரிழையாகப் பளிச்சிடும். முன்பக்கம் அப்பழுக்கில்லாமல் இருக்கும் நகையிலும் தாடையிலிருந்து விளிம்புவரை கோடு ஓடியிருப்பது சாதாரணம். சிப்பி காலப்போக்கில் காய்ந்து, இறுகிய சட்டத்துக்குள் நெளிய இடமில்லாமல் வெடிக்கிறது. சட்டத்தின் பின்பக்கம் மூடியிருந்தால் இந்தச் சோதனை முடியாது. மூடியைத் திறக்கச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள்.

அடுத்து லென்ஸ். முகத்தைவிட முடியையும் உடுப்பின் மடிப்பையும் கவனியுங்கள். கைவேலையில் உளி போன தடம் நேர்த்தியான கீறல்களாக வளைவோடு திரும்பும், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. மூக்கு, தாடை, சுருள்முடியின் அடியில் உள்வாங்கிச் செதுக்கியிருக்கும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ அப்படி உள்வாங்கிய இடம் இராது, ஏனென்றால் அச்சிலிருந்து கழன்று வராது. அங்கே நீங்கள் பார்ப்பது மழுங்கிய விளிம்பு, குமிழி, ஓரத்தில் அச்சுக் கோடு. இன்னொன்று ஒட்டு வேலை: வெள்ளை உருவத்தைத் தனியாகச் செய்து பழுப்புத் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். விளிம்பைச் சுற்றி லென்ஸை நகர்த்துங்கள். வெள்ளை எங்கும் கத்தியால் வெட்டியதுபோல் முடிந்து, அடியில் பசை வரி மினுங்கினால் ஒட்டு. அசல் சிப்பியில் வெள்ளை மெலிந்து மெலிந்து, கன்னத்தின் ஓரத்தில் அடிநிறம் எட்டிப்பார்க்கும்படி கரையும். நல்ல சிற்பி அந்த மெலிவை வைத்தே முக்காடு, மேகம் எல்லாம் காட்டியிருப்பார்.

அகேட்டில் ஒரு பொறி உண்டு. அல்ட்ராசானிக் இயந்திரத்தில் செதுக்கிய நீல வெள்ளைக் கேமியோக்கள் சந்தையில் நிறைய. கல் அசல்தான், ஆனால் வேலை பழையதல்ல. லென்ஸில் உருவத்தின் மேல்பரப்பு முழுக்கப் புதிதாக விழுந்த பனிபோல் ஒரே மாதிரி மங்கலான பொரிப்பொரியாக இருக்கும், உளித் தடம் ஒன்றுகூட இராது.

ஐயம் தீரவில்லை, நகை சட்டமில்லாமல் தனியாக இருக்கிறது என்றால் அடர்த்தி பாருங்கள். முதலில் காற்றில் எடை: 6.20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைப் பிரஷால் நீக்குங்கள், இல்லாவிட்டால் கணக்கு தவறும். தராசு 2.20 காட்டினால் 6.20-ஐ 2.20-ஆல் வகுக்க 2.82 வரும். அது சிப்பி. அகேட் 2.6 பக்கம் நிற்கும். பேக்கலைட், செல்லுலாய்டு உள்ளிட்ட பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில். கண்ணாடி அகேட்டுக்கு அருகில் வரலாம், அதை லென்ஸில் குமிழி பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

வயதைச் சொல்வது பெரும்பாலும் ஊக்குதான். வெறும் கொக்கிபோல் வளைந்த பிடி, பூட்டு எதுவும் இல்லை, ஊசி சட்டத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீள்கிறது என்றால் 1900-க்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு. உருட்டித் திருப்பும் பாதுகாப்புப் பூட்டு 20-ஆம் நூற்றாண்டில் பரவியது. ஆனால் ஊக்குதான் முதலில் உடையும், ஆகவே மாற்றியிருப்பார்கள். பிடியின் அடியில் பற்றவைத்த ஈயத் திட்டு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஊக்கின் சாட்சியை ஒதுக்கிவிடுங்கள். முத்திரையும் பாருங்கள். பிரிட்டனில் 1854-இல் 9, 12, 15 கேரட் தங்கத்தைச் சட்டபூர்வமாக்கினார்கள். 12-ம் 15-ம் 1932-இல் நின்றுபோய் 14 வந்தது. ஆகவே பிரிட்டனில் செய்த நகையின் தங்கச் சட்டத்தில் 15 என்ற குறி இருந்தால் அந்த 78 ஆண்டுக்குள் செய்தது. 375 என்றால் 9 கேரட். உரைகல்லில் மாற்று குறைவாகக் காட்டியதன் காரணம் இதுதான். போலி என்று பொருளில்லை.

உருவத்தைப் படிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் கிரேக்க, ரோமானியப் புராணத்து ஆட்கள்தான். முடியில் திராட்சை இலை இருந்தால் மதுக்கடவுள் பாக்கஸின் தோழி, தலைக்கவசம் என்றால் அதீனா, பட்டாம்பூச்சி என்றால் சைக்கி, பாம்பு முடி என்றால் மெடூசா. நீண்ட நேர் மூக்கு பழையது, மேல்நோக்கிய சின்ன மூக்கு பிந்தியது என்று ஒரு விதி சொல்வார்கள். துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக நம்பி விலை கொடுக்காதீர்கள்.

சாம்பல், ஆலிவ் பச்சை, மண் நிறத்தில் ஒரே நிறமாக, ஆழமாகச் செதுக்கியிருந்தால் 'லாவா' கேமியோ. இத்தாலியில் எரிமலை புதைத்த பொம்பே நகரைப் பார்க்கப்போன ஐரோப்பியப் பயணிகள் வாங்கிவந்தது. நீலப் பீங்கானில் வெள்ளை உருவம் என்றால் வெட்ஜ்வுட் என்ற இங்கிலாந்துப் பீங்கான் நிறுவனத்தின் ஜாஸ்பர் வகையாக இருக்கலாம். அது செதுக்கியதல்ல, அச்சில் எடுத்து ஒட்டிச் சுட்டது.

செய்யக் கூடாதவை சில. வினிகர் சொட்டுவிட்டுப் பார்க்காதீர்கள். சிப்பி கால்சியம் கார்பனேட், நுரைத்துக் கரையும், போன மூக்கு திரும்பாது. சுட்ட ஊசியால் குத்தாதீர்கள்; செல்லுலாய்டு தீப்பிடிக்கும். வெந்நீரில் ஊறவைக்காதீர்கள்.

நாட்டின் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கேசிஸ் கார்னூட்டா, சிப்ரேகேசிஸ் ரூஃபா இரண்டும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. யாராவது கடற்கரையில் அந்தச் சங்கை விற்றால் வாங்காதீர்கள். தந்தத்தில் செதுக்கிய கேமியோவை வாங்குவதும் விற்பதும் குற்றம். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வளைகுடாவில் இருக்கும் மகளுக்குப் பார்சல் போடலாம் என்று நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது ஒரே நிபந்தனை: நெருப்புக்கு முன் சிப்பியைக் கழற்ற வேண்டும். ஆசாரி ஊக்கைப் பற்றவைத்ததும் கருப்பு போக அமிலத்தில் போடுவது வழக்கம். சிப்பியோடு போட்டால் சூட்டில் பிளந்து, அமிலத்தில் மேல்பரப்பு அரிக்கும். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகைக்குக் கல் பதிப்பவர்களைப்போல், கல்லைக் கழற்றிக் கட்டத் தெரிந்த கையைத் தேடிப் போங்கள். கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், டார்ச் வெளிச்சம் மூன்றிலும் ஸ்கேலோடு படம் எடுத்து வையுங்கள்.

சுத்தம் செய்ய, மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். தேங்காயெண்ணெய் தடவினால் சிக்கு வாடை எடுத்து இடுக்குகளில் மஞ்சளாக உறையும். காய்ந்த சிப்பிக்கு ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி, மறுநாள் மிச்சமில்லாமல் துடைத்தெடுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை. வைக்கும் இடம்தான் நம் கடலோரத்தில் பெரிய சிக்கல். மரம், பிளைவுட், அட்டைப் பெட்டிகளிலிருந்து கசியும் அமில ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து சிப்பியைத் தின்று, வெள்ளைப் பொடியாகப் பூக்கவைக்கும். பைன் (Byne) நோய் என்பார்கள். பூஞ்சை மாதிரி தெரிந்தாலும் அது வேதிவினை. அரித்த இடம் மீளாது. மர அலமாரியை விட்டு, மூடியுள்ள பாலிதீன் டப்பாவில், அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக வையுங்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் மாதம் ஒரு முறையாவது திறந்து, விளிம்போரம் பொடி தட்டியிருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.