ஸ்கான் செய்தாயிற்று என்று கோவையை எறியாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சங்கத்தின் பழைய கோவைகளை ஒழுங்குபடுத்தப் போயிருந்தேன். 1960களின் கூட்டக் குறிப்பேட்டைப் பூச்சி அரித்திருந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது. பக்கத்தில் கிடந்த 2003ஆம் ஆண்டு இறுவட்டுத்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஒருவழியாகத் திறந்தால் கடிதங்களெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தன. பாமினியில் தட்டியவை, அந்த எழுத்துரு கணினியில் இல்லை.

கணினிக்குள் போனால் பத்திரம் என்ற நினைப்புத்தான் இன்று எங்கள் ஆவணக் காப்புத் துறையின் பெரிய தவறு. பாமினிக் கோப்பை, தனி எழுத்துருவை நம்பியிராத யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் தமிழெழுத்தாகிச் சிதையும் என்பதால் வரிவரியாக ஒப்பிட வேண்டும். அதன் பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

அடுத்த தவறு நல்ல மனதோடு செய்யப்படுவது. உதவ வருபவர்கள் தாள்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிவிடுவார்கள். எதை எதோடு வைத்திருந்தார்கள் என்பதும் சான்றுதானே! 1983 யூலையில் வந்த கடிதம் ஒன்று வாடகைப் பற்றுச்சீட்டோடு குத்தப்பட்டிருந்தால், அந்தக் குடும்பம் எந்த வீட்டை விட்டுப் போனது என்று அந்தக் குண்டூசி காட்டிக்கொடுக்கலாம். துருப்பிடித்த ஊசியைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றுமுன் படம் எடுத்து, எவை சேர்ந்திருந்தன என்று பென்சிலால் குறித்து வையுங்கள்.

கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், லமினேற்றும் வேண்டாம். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தும் அறையில், கொழும்பின் ஈரக்காற்றுக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

அரச காரியாலயங்களில் இடமில்லை என்று கோவைகளைக் கழிக்கும் பழக்கமும் மாற வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம், அப்போதிருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 வருடமும் புதியவற்றை 12 வருடமும் வைத்திருக்கச் சொல்கிறது. அதுவும் அட்டவணைப்படுத்தி. எங்கே இருக்கிறதென்று தெரியாத கோவையைக் கேட்டு வருபவருக்கு எப்படிக் கொடுப்பது?

ஸ்கான் செய்யத் தொடங்குமுன் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். 2005 முதல் எத்தனையோ மலர்களும் பத்திரிகைகளும் அங்கே ஏறிவிட்டன. இருப்பதையே திரும்பச் செய்யும் நேரத்தில், வேறெங்கும் இல்லாத ஒரு கையெழுத்துக் குறிப்பேட்டை முடித்துவிடலாம்.

எல்லாப் பிரதிகளையும் ஒரே கூரையின்கீழ் வைப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு பிரதியில்லாத சுவடிகள் அடியோடு போயின. நாங்கள் ஒழுங்குபடுத்திய கோப்புகளின் ஒரு பிரதி இப்போது மட்டக்களப்பில், ஓர் உறுப்பினரின் வீட்டில் இருக்கிறது. வருடாவருடம் தை மாதத்தில் அவர் அதைத் திறந்து, ஒவ்வொரு கோப்பும் வாசிக்க வருகிறதா என்று பார்க்கிறார்.