சிதறிப்போன சொக்காரர்களைத் தேட, முதலில் சாஸ்தா கோயிலுக்குப் போங்கள்

கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போன சொக்காரர்களை, அதாவது தாத்தா வழிப் பங்காளிச் சொந்தங்களைத் தேட நினைப்பவர்கள் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், ஆறு மாதம் வீண். திருநெல்வேலிச் சீமையில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதால் சுடலைமுத்து மகன் இசக்கிமுத்து, அவர் மகன் மறுபடி சுடலைமுத்து என்று பெயர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் பூட்டன் என்று நினைத்து நான் விரட்டியவர் கடைசியில் அடுத்த தெருக்காரர்.

அதனால் பங்குனி உத்திரத்துக்கு உங்கள் குடும்பம் வழிவழியாகக் கும்பிடும் சாஸ்தா கோயிலுக்குப் போங்கள். மூன்று தலைமுறைக்கு முன்பே ஊரைக் காலி செய்தவர்கள்கூட அன்றைக்கு வருவார்கள். தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வசூலிப்பது) எழுதுகிறவரைப் பிடித்து, இந்த வருட நோட்டோடு பழைய நோட்டுகளையும் கேளுங்கள். அதில் பெயரைவிட பட்டப்பெயர்தான் முக்கியம். 'கொழும்பு வீடு', 'ரங்கூன் வீடு' என்று இருந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் காரையாறு சொரிமுத்து அய்யனார் மாதிரிப் பெரிய கோயிலில் பல சாதிக்காரர்களும் கும்பிடுவார்கள், பக்கத்தில் பொங்கல் வைப்பவரை எல்லாம் சித்தப்பா என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

அடுத்தது மொய் நோட்டு. எங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் 1958ஆம் வருடக் கல்யாணத்து நோட்டு கிடந்தது, ஓரமெல்லாம் பூச்சி அரித்து. நடுவில் ஒரு வரி: 'ரங்கூன் மாமா, மைத்துனர் கைவசம், ரூ. 5.' மாமா அப்போது உயிரோடு இருந்திருக்கிறார், கல்யாணத்துக்கு வரவில்லை, அவருடைய மைத்துனர் வந்திருக்கிறார். அப்படியானால் தேட வேண்டியது ரங்கூனை அல்ல, மைத்துனர் வீட்டை! பெண் கொடுத்த வீட்டில்தான் கடிதமும் போட்டோவும் பத்திரமாக இருக்கும். சொக்காரர்கள் பெரும்பாலும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள்.

அந்தத் தகராறும் நமக்கு உதவிதான், ஏனென்றால் அது பத்திரத்தில் ஏறியிருக்கும். அயர்லாந்தில் 1922ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பழைய மக்கள்தொகைக் கணக்கில் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் அங்கே குடும்பத்தைத் தேடுகிறவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வரிக்காக எடுத்த நிலமதிப்புப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். நமக்கும் நிலம்தான் வழி. கடல் தாண்டிப் போனவர் தன் பங்கை விற்றிருப்பார், இல்லை தம்பிக்கு பவர் எழுதிக் கொடுத்திருப்பார். சர்வே நம்பரை வைத்து வில்லங்கச் சான்று போட்டால் பத்திர எண் வரும், பத்திரத்தில் தகப்பனார் பெயரும் அப்போதைய விலாசமும் இருக்கும்.

பழைய பத்திரத்தில் அந்தக் காலத்து ஜில்லாதான் இருக்கும், அதை மட்டும் கவனமாகப் பாருங்கள். கோவில்பட்டியும் ஸ்ரீவைகுண்டமும் 1986 வரைக்கும், தென்காசியும் சங்கரன்கோவிலும் 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்தான். சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910ல் பிரிந்தவை. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. பழைய ஓலைகளில் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் 825ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் முன்னே பின்னே வரும். கொல்லம் 1075 என்றால் 1899-1900.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வேலை சுலபம். முதலூர், நாசரேத், பாளையங்கோட்டைப் பக்கம் சபையில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள், பழைய பெயர் புதுப்பெயர் இரண்டையும் சொல்லி.

இலங்கையிலிருந்து 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களைச் சொந்த ஊரில் மட்டும் தேடிப் பயனில்லை. மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள், கோத்தகிரி கூடலூர்ப் பக்கமும் விசாரியுங்கள்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார், நம்பரும் கிடைத்துவிட்டது. முதல் போனில் பத்திரம், பட்டா என்று மூச்சு விடாதீர்கள். பழைய போட்டோ ஒன்றை அனுப்பி 'இதில் இருப்பது யார் என்று தெரியுமா' என்று கேளுங்கள். நான் புத்தியில்லாமல் கோவில்பட்டிக்குப் போன் போட்டு, தாத்தா பங்கை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடித்தேன் என்று ஆரம்பித்தேன். பெரியப்பா முறையாக வேண்டியவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த சர்வே நம்பரு?"